கடைசி இடம் கேட்டு வந்தவர்

நம் சேனலில் ஓய்வு பெறுவதற்கு அறுபது வயது ஆக வேண்டியதில்லை. கணவருக்கு ஸ்ரீபெரும்புதூருக்கு மாற்றல் வந்தால் போதும். எனக்கு இருபத்தொன்பது வயதிலேயே அந்தப் பேறு கிடைத்துவிட்டது. போவதற்கு முன் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் என் பணி அனுபவத்தை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மேனேஜர் உத்தரவு. "சுருக்கமா எழுதும்மா. சொந்தக் கதை எல்லாம் வேணாம்" என்றார். சொந்தக் கதையை எடுத்துவிட்டால் இந்த வேலையில் மிஞ்சுவது ஒரு பேனாவும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்தான். அந்த நாற்காலியின் இடது கால் ஆடும். சுவரோரம் போட்டு உட்காருங்கள். சுருக்கமான அனுபவம் முடிந்தது. இனி சொந்தக் கதை.

உங்கள் வேலை என்னவென்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. 'ஷிஃப்ட் முடிஞ்சு ஒரு பாட்டு' நிகழ்ச்சியில் ஒரு சனிக்கிழமை பெண்கள் பாடுவார்கள், அடுத்த சனிக்கிழமை ஆண்கள். எல்லோரும் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள், அல்லது செய்து ஓய்ந்தவர்கள். நேரலை. வாரத்துக்கு எட்டுப் பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம். எல்லோரும் பாடி முடித்ததும் தொகுப்பாளினி முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை வாசிப்பார். ஒவ்வொரு பெயரோடும் ஒரு வரி சேர்த்து வாசிப்பார், இவருக்கு ஏன் இந்த இடம் என்று. கடைசியாக வந்தவர் அன்றோடு போட்டியை விட்டுப் போகவேண்டும், அவர் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வருவார்.

நடுவர்கள் மூன்று பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பல் டாக்டர், ஒரு டிரைவிங் ஸ்கூல் உரிமையாளர், ஒரு அரிசி மண்டிக்காரர். விளம்பரம் கொடுக்கிறவர்கள். அவர்களிடம் இருக்கும் இசை விமர்சனம் ஒரே ஒரு சொல்: சூப்பர். எட்டுப் பேரும் சூப்பர் என்றால் யாரை எட்டாவது இடத்தில் வைப்பது? அதற்குத்தான் பின்னறையில் நாம் இருக்கிறோம். திரையில் 'நடுவர் குழுவின் தரவரிசை' என்று எழுத்து ஓடும். அந்தக் குழு நீங்கள்தான். ஒரே ஆள் இருக்கும் குழுவில் கருத்து வேறுபாடு வராது என்று நினைப்பீர்கள். எனக்கு எல்லா வாரமும் வந்தது.

ஆண்கள் வாரத்தை ஒரு பெண் எழுத வேண்டும், பெண்கள் வாரத்தை ஓர் ஆண் எழுத வேண்டும் என்பது மேனேஜரின் ஏற்பாடு. அப்படிச் செய்தால் பாரபட்சம் வராதாம். ஆகவே தங்கைக்கு ஆண்கள் வாரம், தம்பிக்குப் பெண்கள் வாரம். எதிர்பாலரைப் பற்றி மனிதர்களுக்கு எந்த அபிப்பிராயமும் இருக்காது என்று நம்பும் ஒருவரிடம் நீங்கள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். வாழ்த்துகள்.

சேர்ந்த புதிதில் நான் எல்லோருக்கும் 'குரலில் இன்னும் மெருகு தேவை' என்று எழுதிக்கொண்டிருந்தேன். பாதுகாப்பான வரி. யாருக்கும் வலிக்காது. ஒரு நாள் லேத் ஓட்டும் ஒருவர் பின்னறைக் கதவைத் தட்டி, "மேடம், போன தடவையும் மெருகு, இந்தத் தடவையும் மெருகு. எங்க விக்குதுன்னு சொன்னீங்கன்னா வாங்கிப் போட்டுக்கறேன்" என்றார். அதோடு அந்த வரியை விட்டேன். நீங்களும் தொடாதீர்கள்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், நான் சொல்லப்போகும் தலைவலி அதிலிருந்துதான் வந்தது. முன்பெல்லாம் கடைசி இடம் வந்தவரின் நண்பர்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்று கத்துவார்களாம். அவர்களைச் சமாதானப்படுத்த மேனேஜர் கண்டுபிடித்ததுதான் வழியனுப்புப் பாட்டு. கடைசி இடம் வந்தவர் மட்டும், தனக்குப் பிடித்த ஒரு பாட்டை, வெட்டாமல் குறைக்காமல், ஆரம்ப இசையிலிருந்து முழுதாகப் பாடிவிட்டுப் போகலாம். முதல் இடம் வந்தவருக்கு இரண்டு நிமிடம். தோற்றவருக்கு ஐந்து நிமிடம். இதில் ஏதோ தத்துவம் இருக்கிறது என்று மேனேஜர் சொல்வார். இருக்கலாம்.

இனி என் வீட்டு நிலவரம். நாங்கள் ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர் முனிரத்தினம் அண்ணாவும் அவர் மனைவி யசோதாக்காவும். அண்ணா ஒரு தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் வெகுகாலம் இருந்து விருப்ப ஓய்வில் வந்தவர். பிள்ளைகள் இருவரும் பெங்களூரில். என் மகன் கவினுக்கு அப்போது இரண்டு வயது. என் அம்மா சிங்காரப்பேட்டையில். மூன்று மாடும் ஒரு கடையும் வைத்துக்கொண்டு அவரால் இங்கே வந்து உட்கார முடியாது. கணவருக்கு ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு குழந்தைகள் காப்பகத்தைப் போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு குழந்தைகள் ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

ஆக, நான் வேலைக்குப் போகிற நாளெல்லாம் கவினைப் பார்த்துக்கொண்டது யசோதாக்காதான். ஒப்பந்தம் ஏதும் கிடையாது. ஒரு நாள் "விட்டுட்டுப் போ" என்றார், விட்டுவிட்டுப் போனேன். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். என் மகனுக்குத் தாகம் எடுத்தால் 'நீள்ளு' என்றுதான் கேட்பான். அவர் கையால் ஊட்டினால் ஒரு கிண்ணம் சாப்பிடுவான். நான் ஊட்டினால் துப்புவான். எனக்கு வருத்தம் இல்லையா என்று கேட்டால், பஸ் பிடிக்க ஓடுகிறவளுக்கு வருத்தப்பட நேரம் ஏது. யசோதாக்கா கதவைத் திறக்கும்வரை எனக்கு வேலை உண்டு. திறக்காவிட்டால் இல்லை. அவ்வளவு எளிமையான வாழ்க்கை.

அந்த யசோதாக்காவின் கணவர் ஆண்கள் பிரிவில் ஒரு போட்டியாளர்.

உடனே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். கடமை தவறக்கூடாதல்லவா.

"சார், என் ஹவுஸ் ஓனர் போட்டியில இருக்கார். அவருக்கு நான் ரேங்க் எழுதறது சரியா இருக்குமா?"

"வாடகை ஒழுங்கா குடுக்கறியா?"

"குடுக்கறேன் சார்."

"அப்புறம் என்னம்மா பாரபட்சம்? போ, வேலையைப் பாரு."

முனிரத்தினம் அண்ணா மோசமான பாடகர் இல்லை. நல்ல பாடகர் என்றும் சொல்ல முடியாது. குரல் நன்றாக இருக்கும். ஆனால் ஒரு வரியை நேராகப் பாடினால் யாராவது அபராதம் போட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்போல, ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு சங்கதி வைத்துக் குரலைச் சுழற்றுவார். அந்தச் சங்கதிக்குள் இன்னொரு சங்கதி. பாட்டு கெலமங்கலம் போக வேண்டும் என்றால் அவர் தளி வழியாக, தேன்கனிக்கோட்டை வழியாகச் சுற்றிக்கொண்டு போவார். போய்ச் சேர்வதற்குள் இரண்டு நிமிடம் முடிந்துவிடும். ஐந்தாவது, ஆறாவது இடங்களில் அவரை வைப்பேன். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்வது யசோதாக்கா.

நான் சொல்லும் அந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை காலை. கவினை வாங்கிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏன் கவின் அம்மா, நாளைக்கு ஆம்பளைங்க வாரம் இல்ல?"

"ஆமாக்கா."

"பாரூர்ல என் நாத்தனாரு டிவி முன்னாடி மொதல்லயே வந்து உக்காந்துக்குவா. போன தடவை ஆறாவது வந்ததுக்கே போன் பண்ணி, 'அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லையா'ன்னு கேக்கறா. இந்தத் தடவை பர்ஸ்ட் வரலைன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவ வீட்டு விசேஷத்துக்குப் போறது?"

"நடுவர் குழு முடிவு பண்றதுக்கா."

"எந்த நடுவர் குழு? எங்க வீட்டு மாடியில குடியிருக்குதே, அதுவா?"

ரேங்க் எழுதுவது யாரென்று வெளியே சொல்லக்கூடாது என்பது நம் சேனலின் விதி. மத்திகிரியில் அந்த விதி எல்லோருக்கும் தெரியும். எழுதுவது யாரென்றும் எல்லோருக்கும் தெரியும். நான் சிரித்து வைத்தேன். அக்கா சிரிக்கவில்லை. கவினை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, "இப்பல்லாம் இடுப்பு வலி ஜாஸ்தியாயிட்டு வருது கவின் அம்மா. புள்ளையத் தூக்க முடியுமோ முடியாதோ தெரியல. சனிக்கிழமை போகட்டும், பாக்கலாம்" என்றார்.

தரவரிசையைப் பொறுத்து ஏறி இறங்கும் இடுப்பு வலியைப் பற்றி மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். முனிரத்தினம் அண்ணா தண்ணீர்த் தொட்டி பார்க்கிற சாக்கில் மேலே வந்தார். மூடியைத் திறந்தார், பார்த்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

"ஏம்மா, ஒரு உதவி கேட்டா செய்வியா?"

ஆகா, இவரும் முதல் இடம் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"நாளைக்கு என்னைக் கடைசில போட்டுடு."

"அண்ணா?"

"எட்டாவது. கடைசி. நான் ஒண்ணும் தப்பா நினைச்சுக்க மாட்டேன்."

அவரே சொன்னார். "பெயிண்ட் ஷாப்புல இருந்தப்ப லஞ்ச் டைம்ல பாடுவேன். பசங்க எல்லாம் சுத்தி உக்காந்துக்குவாங்க. பல்லவி முடிஞ்சு ஒரு சரணம் வரும், சங்கு ஊதிடுவான். ஆயுத பூஜைக்கு ஸ்டேஜ் போட்டுப் பாடச் சொல்வாங்க. ரெண்டாவது சரணத்துக்குள்ள பெரிய ஆபீசர் வந்துடுவாரு, மைக்க வாங்கிடுவாங்க. ரிட்டயர்டு ஆனா முழுசாப் பாடலாம்னு பாத்தேன். வீட்டுல அவ மிக்சி போட்டுடறா. உங்க டிவிக்கு வந்தேன், ரெண்டு நிமிசம்ங்கறீங்க. என் ஆயுசுல ஒரு பாட்டக் கூட நான் நாலு பேரு முன்னாடி முழுசா முடிச்சதில்லம்மா. தோத்தாதான் முழுப் பாட்டுன்னா, தோத்துட்டுப் போறேன்."

"அக்காவுக்குத் தெரியுமா அண்ணா?"

அவர் தொட்டி மூடியை அவசரமாக மூடினார். "அவகிட்ட மூச்சு விடாத. கொன்னுடுவா. உன்ன இல்ல, என்னை. உன்னையும்தான்னு வெச்சுக்கோ."

என் கணவரிடம் சொன்னேன். அவருக்கு இதில் சிக்கல் எதுவும் தெரியவில்லை. "கேட்டதைக் குடுத்துட்டுப் போயேன். ஊர்ல எல்லாரும் ஃபர்ஸ்ட் பிளேஸ் கேட்டு நிப்பாங்க. லாஸ்ட் பிளேஸ் கேட்டு வாங்கற மகராசன் எங்க கிடைப்பான்?" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த வரம் உண்டு.

மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போனதும் மேனேஜர் என்னைக் கதவுக்குப் பின்னால் இழுத்தார். அந்த வாரத்துக்கு விளம்பரம் கொடுத்தவர் ஒரு ஃபர்னிச்சர் கடைக்காரர். போட்டியாளர் தினேஷ் அவருடைய மச்சான். கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவனைத் தொழிலாளி என்று காட்டுவதற்காக 'மரவேலைப் பிரிவு' என்று போட்டிருந்தோம். கடைக்காரர் மனைவி மக்களோடு இரண்டாவது வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"தினேஷ் லாஸ்ட் வரக்கூடாது. புரியுதா?"

"பாடினப்புறம் பாக்கலாம் சார்."

"பாடினப்புறம் பாக்கறதுக்கு என்ன இருக்கு? நான்தான் சொல்றேன்ல? வேற யாரையாவது போடு. உன் ஹவுஸ் ஓனரைப் போடு. பாரபட்சம் இல்லாத சேனல்னு பேரும் வரும்."

பாருங்கள், எல்லாம் எப்படிப் பொருந்தி வந்துவிட்டது. மேனேஜருக்கு வேண்டியது ஒரு பலி. பலி தானே வந்து கழுத்தை நீட்டி, வெட்டு வெட்டு என்கிறது. கடைக்காரருக்கு மகிழ்ச்சி, தினேஷுக்கு மகிழ்ச்சி, அண்ணாவுக்கு ஆயுள்கால ஆசை நிறைவேறும். ஒரே ஒருவருக்குத்தான் கோபம் வரும். அவர் மடியில் அந்த நேரம் என் பிள்ளை உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்காக அண்ணாவை முதல் இடத்தில் போட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். யோசித்தேன் என்ன, ஒரு தாளில் எழுதியும் பார்த்தேன். பிறகு அதை மடித்து, கிழித்து, தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் வைத்தேன். பிறகு அண்ணாவை எட்டாவதாக எழுதினேன். பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

எட்டுப் பேரும் வரிசையாகப் பாடினார்கள். மூன்றாவதாக வந்தவர் பாஷா, கிருஷ்ணகிரிக்காரர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வழக்கம்போல அருமை. ஐந்தாவதாக தினேஷ். அவன் சுருதியைத் தேடிக்கொண்டு பாடினான், கிடைக்கவில்லை, கிடைக்காததைப் பற்றி அவனுக்குக் கவலையும் இல்லை. கடைக்காரர் குடும்பம் எழுந்து நின்று கை தட்டியது. "சூப்பர்" என்றார் பல் டாக்டர்.

ஆறாவது, முனிரத்தினம் அண்ணா.

அவர் மேடைக்கு வந்து நின்ற விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. தோற்பதற்குத் தன் பங்கு வேலையைச் செய்ய வந்திருந்தார். வழக்கமாகச் சட்டைக் கையை மடித்து, கண்ணை மூடி, ஒரு கையை வானத்துக்குக் கொடுப்பார். அன்று டவுன் பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்றார். மைக்கை அலட்சியமாகப் பிடித்தார். ஒரு பழைய சோகப் பாட்டு. முதல் வரியைப் பாடினார். வரி முடிந்தது. நான் சங்கதிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இரண்டாவது வரிக்குப் போய்விட்டார். அதிலும் இல்லை. கவனமில்லாமல் பாடுகிறேன் என்று காட்டுவதற்காகத் தன்னுடைய எல்லா அலங்காரத்தையும் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார். கழற்றியதும் உள்ளே இருந்தது ஒரு பாட்டு.

ஒருவேளை பயத்தில் எனக்குத்தான் அப்படிக் கேட்கிறதோ என்று கண்ணாடி வழியே சவுண்ட் பார்க்கும் தம்பியைப் பார்த்தேன். நிகழ்ச்சி முழுக்கச் செல்போனில் கிரிக்கெட் பார்க்கிறவன். செல்போனைக் கவிழ்த்து வைத்திருந்தான்.

"சூப்பர்" என்றார் பல் டாக்டர். அந்த மனிதரால் எனக்கு ஒரு நாளும் உதவி கிடைத்ததில்லை.

இன்னும் இரண்டு பேர் பாடி முடித்தார்கள். விளம்பர இடைவேளை. பத்து நிமிடத்தில் தாளைக் கொடுக்க வேண்டும். மேனேஜர் கதவருகே வந்து எட்டு விரலைக் காட்டி, தினேஷ் வேண்டாம் என்று தலையை ஆட்டி, போய்விட்டார்.

எண்ணைப் போடுவது சுலபம். 8 என்று எழுதி, முனிரத்தினம் என்று எழுதிவிட்டேன். அடுத்து அந்த ஒரு வரி. ஏன் எட்டாவது? 'குரலில் தெம்பு இல்லை' என்று ஆரம்பித்தேன். இருந்ததே. அடித்தேன். 'சுருதி விலகியது.' விலகவில்லையே. அடித்தேன். 'உணர்ச்சி போதவில்லை.' சவுண்ட் தம்பி கிரிக்கெட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறான், உணர்ச்சி போதவில்லையாம். சரி, தினேஷுக்கு ஏழாவது இடம் போட்டு அதற்கு ஒரு வரி எழுதலாம் என்று பார்த்தேன். 'அவரிடம் உள்ள' என்று எழுதினேன். என்ன உள்ளது? நல்ல சட்டை இருந்தது. அதை எழுத முடியாது.

இதுதான் உங்கள் இருவருக்கும் நான் உண்மையில் சொல்ல விரும்புவது. எண் எதை வேண்டுமானாலும் சொல்லும். எண்ணுக்கு வெட்கமே கிடையாது. அதற்குப் பக்கத்தில் எழுதும் காரணம்தான் ஒத்துழைக்காது. அதனால் எண்களை முதலில் எழுதாதீர்கள். ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள், எண் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். வீட்டுக்காரர், மேனேஜர், மச்சான், நாத்தனார் யாரும் அந்த வரிக்குள் நுழைய இடமிருக்காது. நுழைந்தால் வாக்கியம் உங்களுக்கே நன்றாகத் தெரியும்படி நாறும். நான் தைரியசாலி இல்லை. என்னால் அந்தப் பொய்யை எழுத முடியவில்லை, அவ்வளவுதான். திறமைக் குறைவு என்றும் வைத்துக்கொள்ளலாம்.

புதுத் தாள் எடுத்தேன். முனிரத்தினம் பெயருக்கு நேரே, 'பாட்டை அதன் போக்கில் விட்டார். அது நம்மிடம் வந்து சேர்ந்தது' என்று எழுதினேன். தினேஷுக்கு நேரே, 'சுருதிக்கும் அவருக்கும் கடைசிவரை அறிமுகம் ஆகவில்லை.' பாஷாவுக்கும் மற்றவர்களுக்கும் எழுதினேன். எழுதிய வரிகளைப் படித்தேன். பாஷா முதல் இடம். முனிரத்தினம் இரண்டாம் இடம். தினேஷ் எட்டு. தாளைத் தொகுப்பாளினியிடம் கொடுக்கும்போது என் பிள்ளையை நாளை எங்கே விடுவது என்று மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நாளை ஞாயிறு என்பதுகூட நினைவில்லை.

வாசித்தார்கள். இரண்டாம் இடம் என்றதும் அண்ணாவின் முகம் போன போக்கைக் கேமரா பெரிதாகக் காட்டியது. 'ஆனந்த அதிர்ச்சி' என்றார் தொகுப்பாளினி. அதிர்ச்சி என்பதுவரை சரி.

எட்டாவது தினேஷ் என்றபோது மேனேஜர் தூணைப் பிடித்துக்கொண்டார். தினேஷ் வழியனுப்புப் பாட்டைப் பாட ஆரம்பித்தான். ஆரம்ப இசையிலிருந்து, மூன்று சரணத்தோடு, முழுதாக. அவ்வளவு நேரமும் அவனுக்குப் பின்னால் ஃபர்னிச்சர் கடையின் பேனர் தெரிந்துகொண்டே இருந்தது. முடிந்ததும் கடைக்காரர் மேனேஜரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மத்தவங்களுக்கு எல்லாம் ரெண்டு நிமிசம். நம்ம மச்சானுக்கு அஞ்சு நிமிசம் குடுத்துட்டீங்க சார்! கடை பேரு கடைசிவரைக்கும் தெரிஞ்சுது." மேனேஜர் என் பக்கம் திரும்பி, "நல்ல ஐடியாம்மா" என்றார். என்னைத் திட்டுவதற்காகத் திறந்த வாய் அது. பாதி வழியில் வேலையை மாற்றிக்கொண்டது.

படிக்கட்டில் முனிரத்தினம் அண்ணா நின்றிருந்தார்.

"ஏம்மா, உன்கிட்ட என்ன கேட்டேன்?"

"கடைசி கேட்டீங்கண்ணா."

"என் வாழ்க்கையில இன்னைக்கு ஒரு நாள்தான் ஒழுங்காப் பாடக்கூடாதுன்னு கங்கணம் கட்டிக்கிட்டுப் பாடினேன். அன்னைக்குப் போயா நீ செகண்டு குடுப்ப?"

"நல்லா இருந்துச்சுண்ணா. என்ன பண்றது?"

"நல்லா இருந்துச்சாம்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார். அவர் பைக்கில்தான் வழக்கமாக நானும் ஏறிக்கொள்வேன். அன்று ஆட்டோவில் போனேன்.

முதல் ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர் கவினை மாடிக்குத் தூக்கி வந்திருந்தார். அக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. புள்ளையக் குடுத்தாங்க, கதவைச் சாத்திட்டாங்க" என்றார். ஞாயிறு முழுக்கக் கீழ் வீட்டிலிருந்து பாத்திரச் சத்தம்கூட வரவில்லை. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை ஒரு கிண்ணத்தில் கறிக்குழம்பு மேலே வரும். வரவில்லை. சாயங்காலம் கவின் படிக்கட்டில் நின்று "அவ்வா" என்று கூப்பிட்டான். அக்காவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். அதற்கும் யாரும் வரவில்லை. இரவு காப்பகத்தின் நம்பரைத் தேடி எடுத்து வைத்தேன். அந்தப் பன்னிரண்டோடு கவின் பதின்மூன்று. ராஜினாமாக் கடிதத்தை மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். அதையும் இரண்டு முறை திருத்தினேன்.

திங்கட்கிழமை காலை கவினையும் அவன் பையையும் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கதவு சாத்தியிருந்தது. தட்டலாமா வேண்டாமா என்று நின்றேன். பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தட்டினேன். யசோதாக்கா திறந்தார். பிள்ளையை வாங்கவில்லை. நிலைப்படியில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அவரு உன்கிட்ட கடைசி இடம் கேட்டாராமே?"

"கேட்டாருக்கா."

"நான் மொத எடம் கேட்டேன்."

"ஆமாக்கா."

"ரெண்டாவது போட்டது யாருக்காக? எனக்குப் பயந்தா, அவருக்காகவா, இந்தப் புள்ளைக்காகவா?"

"பாட்டுக்காகக்கா. வேற ஒண்ணும் இல்ல."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பொய் சொல்கிறேனா என்று தேடினார் என்று நினைக்கிறேன். "அப்ப நெஜமாவே அவரு நல்லாப் பாடினாரா?"

"நெஜமாத்தான்."

"எனக்குத் தெரியலையே" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டுதான் இருக்கறேன். ஒரு நாளும் கேட்டதில்ல. அவரு ஆரம்பிச்சாலே எனக்கு வேலை வந்துடும். பர்ஸ்ட் வேணும்னு உன்ன நச்சினதே, எப்படியும் அவரு நல்லாப் பாடமாட்டாரு, நீ பாத்துப் போட்டாதான் மானம் நிக்கும்னுதான்."

நான் கவினை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டேன்.

"நேத்து உக்கார வெச்சேன். சனிக்கிழமை பாடின மாதிரியே பாடுங்க, சுத்தாமப் பாடுங்கன்னு சொன்னேன். மாடிக்குக் கேக்காம கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திட்டுக் கேட்டேன். முழுசாக் கேட்டேன்."

"எப்படி இருந்துச்சுக்கா?"

யசோதாக்கா நேர்மையாக யோசித்தார். அவ்வளவு நேரம் யோசித்து நான்கூட யாருக்கும் ரேங்க் போட்டதில்லை.

"கொஞ்சம் நீளம்" என்றார். "ஆனா பாரூர்க்காரி சொல்ற அளவுக்கு ஒண்ணும் மோசமில்ல."

உள்ளேயிருந்து முனிரத்தினம் அண்ணாவின் குரல் வந்தது. "அவகிட்ட சொல்லு, அடுத்த ஆம்பளைங்க வாரத்துக்காவது ஒழுங்கா ரேங்க் போடச் சொல்லு."

"ஏமண்டி, நீங்க ஒழுங்காப் பாடுங்க, அவ ஒழுங்காப் போடுவா" என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு, கையை நீட்டிக் கவினை வாங்கிக்கொண்டார். அவன் ஒரு முறைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "என்ன நிக்கற? பஸ் போயிடும், ஓடு" என்றார். கதவைச் சாத்தினார். இந்த முறை என் பிள்ளை உள்ளே இருந்தான்.

ஓடினேன். பஸ் கிடைத்தது, ஜன்னலோர இடமும் கிடைத்தது. வேலை நிலைத்துவிட்டது, பிள்ளை பத்திரம். இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு ஒரு காலையில் இதற்கு மேல் என்ன வேண்டும்? நிம்மதியாகக் கண்ணை மூடினேன். மூடியதும் அண்ணாவின் அந்தப் பாட்டு முதல் வரியிலிருந்து மறுபடி கேட்டது, அதற்குப் பின்னால் பாஷாவின் பாட்டும். பஸ் ஸ்டாண்டு வந்து இறங்கும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே போனேன். பாஷாவை முதலாவதாகப் போட்டது சரிதானா என்ற சந்தேகம் எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது.